ஆலோசகர் தீர்ப்புச் சொல்வதில்லை

நம்பிக்கை: கணவன் மனைவி இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதை உளவியல் ஆலோசகர் விசாரித்துச் சொல்லிவிடுவார்.

உண்மை: குடும்பப் பெரியவர்கள் கூடிப் பேசும் பஞ்சாயத்தின் வழக்கத்தைக் கவுன்சலிங்கின் மீது ஏற்றிப் பார்ப்பதால் எழுந்த எண்ணம் இது. தனிநபர் ஆலோசனையில் வந்தவர் ஒருவரே ஆலோசகரின் கவனத்துக்கு உரியவர். இணையர் ஆலோசனையிலோ இருவருக்கும் இடையிலான உறவே சிகிச்சைக்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது. ஒருவர் குறை சொல்லச் சொல்ல மற்றவர் வாய்மூடி விலகுவதும், அவர் விலக விலக முதலாமவர் குரலை உயர்த்துவதுமாகச் சுழலும் போக்கில் தொடங்கியவர் யார் என்று தேடுவதால் பயனில்லை, ஏனெனில் ஒருவரின் செயலே மற்றவரின் செயலுக்குக் காரணமாகவும் விளைவாகவும் அமைகிறது. 1980களில் கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் வகுத்த உணர்வு மையச் சிகிச்சை இந்தச் சுழற்சியையே முதலில் இருவருக்கும் புலப்படுத்துகிறது. பின்னர், கோபத்தின் அடியில் கிடக்கும் ‘கைவிடப்பட்டுவிடுவோமோ’ என்ற அச்சத்தை ஒருவர் மற்றவரிடம் நேரடியாகச் சொல்ல வழி செய்கிறது.

நம்பிக்கை: நல்ல ஆலோசகரிடம் போனால் சண்டைகள் அடியோடு ஒழிந்துவிடும்.

உண்மை: வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இணையர்களின் உரையாடல்களைப் பல்லாண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், அவர்களின் பிணக்குகளில் ஏறத்தாழ 69 விழுக்காடு ஒருபோதும் தீராதவை என்று கண்டார். சிக்கனம், பிள்ளை வளர்ப்பு, மாமியார் வீட்டுப் போக்குவரத்து போன்றவற்றில் இயல்பு வேறுபாட்டால் எழும் பிணக்குகள் நிலைத்திருக்கவே செய்யும். அவற்றை எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்பதே உறவின் போக்கைத் தீர்மானிக்கிறது. குறை சுமத்தல், இகழ்ச்சி, தற்காப்பு வாதம், பேச்சை அடைத்துக்கொள்ளுதல் என்று அவர் வகுத்த நான்கு தீங்குகளில் இகழ்ச்சியே மிகக் கொடியது. (மணமுறிவை அவர் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சரியாகக் கணித்ததாகப் பரவிய செய்தியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, விளைவு தெரிந்த பிறகு பொருத்தப்பட்ட கணக்கு அது என்ற திறனாய்வு வலுவானது.)

நம்பிக்கை: தனியாகச் செல்பவருக்கு ஆலோசகர் அறிவுரை கூறி அனுப்புவார்.

உண்மை: அறிவுரை சொல்ல உறவினர்களே போதும். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் மனமாற்றத்துக்கு வேண்டிய நிபந்தனைகளை வகுத்தபோது, ஆலோசகரிடம் இருக்க வேண்டியவையாக ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளும் புறமும் ஒத்திருத்தல் ஆகிய மூன்றையே குறிப்பிட்டார்; அறிவுரை அவற்றில் இல்லை.

நம்பிக்கை: ஆலோசகரின் கடமை எப்படியாவது சேர்த்துவைப்பதே.

உண்மை: இந்தியாவின் 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் சமரசத்துக்கு முயலும் கடமையை நீதிமன்றத்துக்கு விதித்திருப்பதால், அங்குள்ள நடைமுறையைக் கண்டவர்கள் எல்லா ஆலோசகர்களுக்கும் அதுவே இலக்கு என்று கருதுகிறார்கள். ஆனால் சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பது இணையரின் முடிவு. கௌரவமாகப் பிரிய உதவுவதும் ஆலோசனையின் பணியே. வன்முறை நிலவும் வீட்டைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை ஆபத்தாகவே முடிகிறது: ஆலோசனை அறையில் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழக்கூடும். அதனால்தான் பயிற்சி பெற்ற ஆலோசகர் தொடக்கத்திலேயே இருவரையும் தனித்தனியே சந்தித்து அச்சுறுத்தல் உண்டா என்று வினவுகிறார். உண்டெனில் கூட்டு அமர்வைத் தவிர்த்து, பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புக்கே முதலிடம் தருகிறார். இந்தியாவில் அத்தகைய பெண்களுக்கு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் 181 என்ற உதவி எண்ணும் உள்ளன.

நம்பிக்கை: சொன்ன எதுவும் வெளியே போகாது.

உண்மை: பொதுவாகப் போகாது, உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகள் விதிவிலக்கு. ஆனால் தனி அமர்வில் ஒருவர் சொன்ன இரகசியத்தை மற்றவரிடமிருந்து மறைப்பதில் ஆலோசகர்களிடையே ஒரே வழக்கம் இல்லை: சிலர் காப்பர், சிலர் மறைக்க உடன்படமாட்டார்கள். ஆகவே வாயைத் திறக்குமுன், முதல் சந்திப்பிலேயே உங்கள் ஆலோசகருடைய விதி எது என்று இருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.