கண்ணாடி போட்ட தபால்காரர்

நாக்பூரில் ஒரு தபால்காரர் இருந்தார். 35 வருடம் தபால் கொடுத்தார். எப்படிப்பட்ட கிறுக்கல் எழுத்தையும் படித்துவிடுவார். மராத்தி படிப்பார். இந்தி படிப்பார். ஆங்கில முகவரியும் படிப்பார். உறையில் பாதி முகவரிதான் இருக்கும். ஆனாலும் கடிதம் சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் டோக்கியோ போனார். டோக்கியோ ஜப்பான் நாட்டின் தலைநகரம். அங்கே சுமார் 1 கோடியே 40 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அவருடைய மகளும் மருமகனும் அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்தார்கள். நகரின் கிழக்கே நிஷி-கசாய் என்ற பகுதியில் குடியிருந்தார்கள். இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி அது. ஏழு வயதுப் பேத்தி ஜப்பான் பள்ளியில் முதல் வகுப்பு படித்தாள்.

காலை எட்டு மணிக்கு வீடு காலியாகிவிடும். தபால்காரர் தனியாக இருப்பார். கையில் மூன்று வாரம் இருந்தது. அவசரம் எதுவும் இல்லை. தினமும் ஒரு பக்கம் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

"அப்பா, வழி தவறினா உடனே போன் பண்ணுங்க" என்றாள் மகள்.

"தபால்காரன் வழி தவறுவானா?" என்று சிரித்தார் அவர்.

முதல் நாளே வழி தவறினார்.

பெயர் இல்லாத தெருக்கள்

டோக்கியோவில் பெரிய சாலைகளுக்குப் பெயர் உண்டு. சின்னத் தெருக்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. அப்படியானால் முகவரி எப்படி எழுதுவார்கள்? ஒரு பேட்டையைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். பகுதிக்கு ஓர் எண். அதற்குள் வீடுகள் சேர்ந்த கட்டத்துக்கு ஓர் எண். கட்டத்துக்குள் வீட்டுக்கு ஓர் எண். தெருவுக்கு எண் இல்லை, தெருக்களுக்கு நடுவே இருக்கும் இடத்துக்குத்தான் எண்.

நம் தபால்காரருக்கு இது புரியவே இல்லை. எங்கு பார்த்தாலும் எழுத்து இருந்தது. கடைப் பலகையில், சுவரில், துணித் திரையில், விளக்கில் எல்லாம் எழுத்து. சில எழுத்துகள் மேலிருந்து கீழே இறங்கின. பெரிய ரயில் நிலையங்களில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். சந்துக்குள் நுழைந்ததும் ஆங்கிலம் நின்றுவிட்டது.

தெரு முனையில் ஒரு சின்னப் போலீஸ் அறை இருந்தது. ஜப்பானில் இதைக் 'கோபான்' என்கிறார்கள். நகரம் முழுவதும் இப்படி உண்டு. வழி சொல்வது அங்குள்ள போலீஸ்காரரின் வேலைகளில் ஒன்று. ஜப்பான்காரர்களே அங்கே வந்துதான் வழி கேட்கிறார்கள். மகள் எழுதிக் கொடுத்த சீட்டைத் தபால்காரர் நீட்டினார். போலீஸ்காரர் வரைபடத்தை விரித்து விரலால் வழி காட்டினார்.

திரும்பி வரும்போது ஒரு சிவப்புப் பெட்டி தெரிந்தது. தபால்பெட்டி! அதற்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. ஜப்பானிலும் அது சிவப்புதான். அங்கே புதிய முறைத் தபால் 1871-இல் தொடங்கியது. நம் பின்கோடு 6 எண், 1972-இல் வந்தது. அவர்களுடையது 7 எண். தபால்காரர் பெட்டியைத் தட்டிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

படங்கள் செய்த உதவி

மறுநாளிலிருந்து அவர் நிறங்களையும் எண்களையும் பிடித்துக்கொண்டார். சுரங்க ரயிலில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம், ஓர் ஆங்கில எழுத்து. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண். 2004 முதல் இந்த எண்கள் உள்ளன. நிஷி-கசாய் வான நீலத் தடத்தில் 'டி 16'. பெயர் மறந்தாலும் 16 மறக்காது.

இன்னொரு ரயில் நகரைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது. அதன் பெயர் யமனோத்தே. நிறம் இளம்பச்சை. 30 நிலையங்கள். ஒரு சுற்று 34.5 கிலோமீட்டர். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். தபால்காரர் ஒரு நாள் முழுக்கச் செல்லும் சீட்டை வாங்கிக்கொண்டார். நினைத்த இடத்தில் இறங்குவார். கால் வலித்தால் ஏறி உட்காருவார். பல நிலையங்களில் கதவு மூடுமுன் ஒரு சின்ன இசை ஒலிக்கும். சில நிலையங்களுக்குத் தனி இசையே உண்டு. சில நாளில் காதாலேயே சில நிலையங்களைக் கண்டுபிடித்தார்.

நிலையத் தரையில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாகக் கற்கள் பதித்திருந்தார்கள். கண் தெரியாதவர்கள் காலால் படிக்கும் எழுத்து அது. கோடு போட்ட கல் என்றால் நடக்கலாம். புள்ளி போட்ட கல் என்றால் நில், கவனி. இதைக் கண்டுபிடித்தவர் மியாக்கே செய்ச்சி. முதன்முதலில் 1967-இல் ஒகாயாமா என்ற ஊரில் பதித்தார்கள். இப்போது நம் மெட்ரோ நிலையங்களிலும் இந்த மஞ்சள் கற்கள் உண்டு.

கழிப்பறைக் கதவில் ஆண் படம், பெண் படம் பார்த்திருப்பீர்கள். இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவ டோக்கியோவும் ஒரு காரணம். 1964-இல் அங்கே ஒலிம்பிக் விளையாட்டு நடந்தது. 93 நாடுகளிலிருந்து வீரர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு ஜப்பான் எழுத்துத் தெரியாது. எத்தனை மொழிகளில் பலகை எழுதுவது? அதனால் கட்சுமி மசாரு என்பவர் தலைமையில் ஓவியர்கள் சின்னச் சின்னப் படங்கள் வரைந்தார்கள். நீச்சலுக்கு ஒரு படம், தொலைபேசிக்கு ஒரு படம், கழிப்பறைக்கு ஒரு படம். இவற்றுக்கு உரிமை கேட்க மாட்டோம் என்று அவர்கள் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சினிமா அரங்கில் வாசலுக்கு மேல் பச்சை நிறத்தில் ஓர் ஆள் ஓடுவார். அவரும் ஜப்பானில் பிறந்தவர்தான். 1972-இல் ஒசாகா நகரில் ஒரு பெரிய கட்டடம் தீப்பிடித்து 118 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டும் வேறு ஊரில் ஒரு பெரிய தீ. அதற்குப் பிறகுதான், புகையிலும் பதற்றத்திலும் சட்டென்று புரியும் அடையாளத்தைத் தேடினார்கள். அப்படி வந்தவர் இந்தப் பச்சை ஆள். 1987-இல் உலகம் முழுவதற்கும் பொது அடையாளமானார்.

சாப்பாட்டுக் கடைகளிலும் கவலை இல்லை. பல கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் பிளாஸ்டிக்கில் செய்த சோறு, மீன், நூடுல்ஸ் வைத்திருப்பார்கள். நிஜம் போலவே இருக்கும். விரலை நீட்டினால் போதும்.

எழுத்துத் தெரியாமலே இந்த ஊரில் காலம் தள்ளிவிடலாம் என்று தபால்காரர் நினைத்தார்.

வயிற்று வலி

இரண்டாவது வாரம் ஒரு நாள் வயிறு கெட்டுவிட்டது. ஒரு மருந்துக் கடைக்குப் போனார். அலமாரி முழுக்க அட்டைப் பெட்டிகள். பல பெட்டிகளில் வயிறு படம் இருந்தது. ஒன்றை எடுத்தார்.

கடைப் பெண் ஓடி வந்தாள். பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. அவள் பெட்டியில் இருந்த எழுத்தைக் காட்டினாள். பின்னால் இருவர் காத்திருந்தார்கள். தபால்காரருக்கு வியர்த்தது. சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன்" என்பது போல் தலையை ஆட்டினார்.

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

கடைப் பெண் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு படம் வரைந்தாள். ஒரு படத்தில் ஓர் ஆள் கழிப்பறைக்கு ஓடுகிறார். இன்னொன்றில் ஓர் ஆள் கழிப்பறையில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் கடிகாரம். எது என்று கேட்டாள். அவர் ஓடுகிற ஆளைத் தொட்டார். அவள் அந்தப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அது மலச்சிக்கல் மருந்து! வயிற்றுப்போக்கோடு அதைச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறு மருந்து கொடுத்தாள். காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா வரைந்து கொடுத்தாள்.

வீடு திரும்பும் வழியில் தபால்காரருக்கு நாக்பூர்ப் பாட்டி ஒருவர் நினைவுக்கு வந்தார். அந்தப் பாட்டிக்கு மகன் கடிதம் எழுதுவான். "கண்ணாடி உடைஞ்சு போச்சு தம்பி, நீயே படிச்சுச் சொல்லு" என்பார் பாட்டி. பத்து வருடம் இப்படியே சொன்னார். "சீக்கிரம் கண்ணாடி வாங்குங்க பாட்டி, எனக்கு நேரமாகுது" என்று இவர் பல முறை சலித்துக்கொண்டிருக்கிறார். பாட்டி முகத்தில் கண்ணாடியை ஒரு நாளும் பார்த்ததில்லையே என்பது இப்போதுதான் உறைத்தது. அன்று இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. அதற்கு வயிறு காரணமில்லை.

அ இ உ எ ஒ

மறுநாள் மாலை பேத்தியிடம் போனார். "எனக்கும் எழுத்துக் கத்துக் கொடும்மா" என்றார். பேத்திக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தாவுக்கு டீச்சர் ஆகிவிட்டாள்!

ஜப்பான் மொழியில் மூன்று வகை எழுத்துகள் கலந்து வரும். இரண்டு வகை ஒலி எழுத்துகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. மூன்றாவது வகை சீனாவிலிருந்து வந்த பொருள் எழுத்து. அதன் பெயர் கஞ்சி. ஆமாம், நம் கஞ்சிதான், ஆனால் குடிக்க முடியாது! தினசரி வாழ்க்கைக்கு என்று அரசு வகுத்த கஞ்சி எழுத்துகள் 2,136. முதல் வகுப்பில் 80 எழுத்துகள். கடினமான கஞ்சிக்குப் பக்கத்தில் அதன் ஒலியைச் சின்ன எழுத்தில் எழுதுவதும் உண்டு. குழந்தைகளும் புதிதாகப் படிப்பவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

பேத்தி ஒலி எழுத்துப் பலகையை வைத்தாள். "சொல்லுங்க தாத்தா. அ, இ, உ, எ, ஒ."

தபால்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"இது நம்ம ஊர் வரிசை ஆச்சே!" என்றார் அவர்.

நீங்களும் சொல்லிப் பாருங்கள். தமிழிலும் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று இதே போக்கில்தான் வரும். நடுவில் சில எழுத்துகள் மட்டும் கூடுதல். இது தற்செயல் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புத்த பிக்குகள் மந்திரம் படிக்க இந்திய எழுத்துகளைக் கற்றார்கள். சீனா வழியாக அந்தப் படிப்பு ஜப்பான் போனது. எழுத்தின் வடிவம் அவர்களுடையது. வரிசை இந்தியாவிலிருந்து போனது.

பிறகு ஊர் சுற்றுவதே வேறு மாதிரி ஆயிற்று. யனாக்கா என்ற பழைய பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. சமாதிகளுக்குப் பின்னால் உயரமான மரப்பலகைகள் நிற்கும். அவற்றின் உச்சியில் ஐம்பூதங்களைக் குறிக்கும் பழைய இந்திய எழுத்துகள். மராத்தி எழுத்தின் சாயல் தெரிந்தது. ஆனால் படிக்க வரவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உயேனோ பூங்கா. அதன் தாமரைக் குளத்தின் நடுவே பென்சைத்தென் என்ற தெய்வத்துக்குக் கோயில். கல்விக்கும் இசைக்கும் உரிய தெய்வம். அது நம் சரஸ்வதிதான்.

அசகுசா கோயிலில் சீட்டு எடுத்தார். உலோகப் பெட்டியைக் குலுக்கினால் ஒரு குச்சி வரும். குச்சியில் எண் இருக்கும். அதே எண் உள்ள இழுப்பறையில் பலன் சீட்டு. ஜப்பான் எண்ணை நீங்களும் மணலில் எழுதிப் பாருங்கள். படுக்கையாக ஒரு கோடு போட்டால் ஒன்று. இரண்டு கோடு இரண்டு. மூன்று கோடு மூன்று. நான்குக்கு நான்கு கோடு போடாதீர்கள். அது வேறு வடிவம்! தபால்காரருக்குக் கெட்ட பலன் வந்தது. கெட்ட சீட்டை அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வருவது வழக்கம். அவரும் கட்டிவிட்டார்.

நரைத்த தலை மாணவர்கள்

ஒரு மாலை மகளோடு நடந்து வந்தார். இருட்டிய பிறகும் ஒரு பள்ளியில் விளக்கு எரிந்தது. நரைத்த தலையோடு சிலர் பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"பெற்றோர் கூட்டமா?" என்று கேட்டார்.

"இல்லைப்பா. அவங்கதான் மாணவர்கள்" என்றாள் மகள்.

ஜப்பானில் எல்லோரும் படித்தவர்கள் என்று நாம் நினைக்கிறோம். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி, அங்கே சுமார் 94,000 பேர் தொடக்கப் பள்ளியைக்கூட முடிக்காதவர்கள். இன்னும் சுமார் 8 லட்சம் பேர் தொடக்கப் பள்ளியோடு நின்றவர்கள். போர்க்காலத்தில் படிப்பை விட்டவர்கள், வறுமையால் விட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எனப் பலர். இவர்களுக்காக அரசின் இரவு நடுநிலைப் பள்ளிகள் நடக்கின்றன. கட்டணம் இல்லை. இந்தப் படிப்புக்கு உள்ளூர் அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2016-இல் சட்டமும் வந்தது.

தபால்காரர் வேலிக்கு வெளியே சற்று நேரம் நின்றார். உள்ளே ஒரு முதியவர் கரும்பலகை முன் நின்று எதையோ எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

கடைசி ஞாயிறு

ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தது. பேத்தியை அழைத்துக்கொண்டு ஷிஞ்சுகு நிலையத்துக்குப் போனார். உலகிலேயே மிக அதிகக் கூட்டம் வரும் ரயில் நிலையம் அது. வாசல்கள் மட்டும் 200-க்கு மேல். முதல் வாரம் அங்கேதான் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார்.

இந்த முறை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பலகையில் ஒரு மலை மேல் இன்னொரு மலை ஏறியது போல் ஓர் எழுத்து. பக்கத்தில் சதுரக் கட்டம் போல் ஓர் எழுத்து. மலை போன்றதற்கு 'வெளியே' என்று பொருள். கட்டத்துக்கு 'வாய்' என்று பொருள். சேர்த்தால் வெளியேறும் வாசல். ஜப்பான் மொழியில் 'தெகுச்சி'.

"தெகுச்சி!" என்று உரக்கப் படித்தார். பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேத்தியின் கையைப் பிடித்தார். யாரிடமும் கேட்கவில்லை. படியேறி நேராக வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்.

பேத்தி அண்ணாந்து பலகையைப் பார்த்தாள்.

"தாத்தா, இது தெற்கு வாசல். நமக்கு மேற்கு வாசல் வேணும்."

தபால்காரர் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"மேற்கு எப்படி எழுதணும்? எழுதிக் காட்டு" என்றார்.