இறங்குமுக எண்ணலும் வானிலையும்: ரொக்கெற் ஏவுதல் பிற்போடப்படுவது ஏன்?

அறிமுகம்

செய்மதியைச் சுமந்து செல்லும் ரொக்கெற்றை ஏவுமுன், "பத்து, ஒன்பது, எட்டு" எனப் பின்னோக்கி எண்ணுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இது இறங்குமுக எண்ணல் எனப்படும். இது இறுதிப் பத்துச் செக்கன்களுக்கு மட்டும் உரியதன்று. பல மணித்தியாலங்களுக்கு முன்னரே ஆரம்பமாகிவிடும். எரிபொருள் நிரப்பல், கருவிகளைச் சோதித்தல், வானிலையை அவதானித்தல் என்பன இக்காலத்தில் நடைபெறும். இவற்றுள் மனிதனால் கட்டுப்படுத்த முடியாதது வானிலையாகும்.

1. தாமதத்தை ஏற்படுத்தும் வானிலைக் காரணிகள்

(அ) மின்னல்: ரொக்கெற்றின் உலோக உடலும் அதன் பின்னால் நீளும் சூடான வாயுத்தாரையும் மின்னைக் கடத்தும். ஆகவே இயற்கையாக மின்னல் தோன்றாத முகிலினுள்ளும் ரொக்கெற் நுழையும்போது அதுவே மின்னலைத் தூண்டிவிடலாம். ஐக்கிய அமெரிக்காவின் விதிகளின்படி, பறப்புப் பாதையிலிருந்து 10 கடல் மைல் (ஏறத்தாழ 18.5 கிலோமீற்றர்) தூரத்துக்குள் மின்னல் ஏற்பட்டால் பொதுவாக 30 நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும்.

(ஆ) மேல் வளிமண்டலக் காற்று: தரையில் இலை அசையாதபோதும் பல கிலோமீற்றர் உயரத்தில் பலத்த காற்று வீசலாம். காற்றின் வேகமும் திசையும் உயரத்துடன் சடுதியாக மாறினால் ரொக்கெற்றை வளைக்கும் விசைகள் தாக்கும். இதனை அறியப் பலூன்கள் அனுப்பப்படும்.

(இ) தரைக்காற்று: மேலெழும் ரொக்கெற்றை ஏவுகோபுரத்தின் பக்கம் தள்ளக்கூடும்.

(ஈ) குளிர்: 1986 ஜனவரி 28 இல் ஏழு பேருடனும் செய்மதி ஒன்றுடனும் புறப்பட்ட சலஞ்சர் விண்வெளி ஓடம் 73 செக்கன்களில் சிதைந்தது. கடுங்குளிரில் இறப்பர் வளையங்கள் மீள்தன்மையை இழந்தமை இதற்குக் காரணமாயிற்று. எழுவரும் உயிரிழந்தனர்.

2. காத்திருப்புக்கும் எல்லை உண்டு

வானிலை சீராகும்வரை எண்ணலை நிறுத்திவைப்பது இடைநிறுத்தம் ஆகும். எனினும் செய்மதி உரிய ஒழுக்கை அடைவதற்கு ரொக்கெற் குறித்த நேர எல்லைக்குள் புறப்படல் வேண்டும். மேலும் திரவ ஒட்சிசன் −183 பாகை செல்சியசில் கொதிப்பதால் தொடர்ந்து ஆவியாகும். நேர எல்லை கடந்தால் ஏவுதல் வேறொரு நாளுக்குப் பிற்போடப்படும்.

2020 மே 27 இல் இரு விண்வெளி வீரர்களுடன் புறப்படவிருந்த பல்கன் 9 ரொக்கெற்றின் ஏவுதல், 17 நிமிடங்களுக்கும் குறைவான நேரம் எஞ்சியிருந்தபோது மின்னல் அபாயத்தால் நிறுத்தப்பட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தை அடையக் குறித்த கணத்திலேயே புறப்படவேண்டியிருந்ததால் காத்திருக்க முடியவில்லை. மே 30 இல் அது வெற்றிகரமாக ஏவப்பட்டது.

3. உதாரண ஆய்வு: அற்லஸ்-சென்ரோர் 67

1987 மார்ச் 26 இல் புளோரிடாவின் கேப் கனாவெரல் தளத்திலிருந்து, அமெரிக்கக் கடற்படையின் தொடர்பாடல் செய்மதியுடன் இந்த ரொக்கெற் ஏவப்பட்டது. அவ்வேளை மழையும் அடர்ந்த முகிலும் காணப்பட்டன. புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்னரே மின்னல் தாக்கியது. வழிகாட்டும் கணினியின் நினைவகத்திலிருந்த தரவு மாறியது. தவறான கட்டளையால் ரொக்கெற் சடுதியாகத் திரும்பி உடைந்தது. செய்மதியும் அழிந்தது. இதன் பின்னர் மின்னல் தொடர்பான ஏவல் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

கவனிக்க: பிற்போடப்பட்ட ஏவுதல் தோல்வியன்று. பிற்போட்டால் இழப்பது சில நாட்களே. விதியை மீறினால் இழந்தது திரும்பாது.

4. மாதிரி வினா

வினா: மின்னல் தென்படாத போதும் அடர்ந்த முகிலினூடாக ரொக்கெற் ஏவப்படாமைக்கான காரணத்தை விளக்குக. (4 புள்ளிகள்)

விடை: முகிலில் மின்னேற்றங்கள் சேர்ந்திருக்கலாம் (1). ரொக்கெற்றும் வாயுத்தாரையும் மின்னைக் கடத்தும் (1). எனவே ரொக்கெற்றே மின்னலைத் தூண்டலாம் (1). இதனால் கணினி பாதிக்கப்பட்டு ரொக்கெற் அழியலாம்; உ-ம்: அற்லஸ்-சென்ரோர் 67, 1987 (1).

பரீட்சைக் குறிப்பு: "வானிலை சரியில்லை" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது. காரணி, அது தாக்கும் விதம், விளைவு ஆகிய மூன்றையும் ஒழுங்காக எழுதுங்கள்.