பெரிய எண்ணைப் பார்க்காதே

அன்பு மருமகன் கதிருக்கு,

சோனி ஏ7 மார்க் 4 வாங்கியாயிற்று, கல்யாண ஆர்டரும் வந்துவிட்டது, எந்த கார்டு வாங்குவது என்று கேட்டிருந்தாய். கடைக்காரர் '300 எம்பி' என்று எழுதியதைக் காட்டினாராம். அந்த எண்ணை மறந்துவிடு. பெரும்பாலும் அது படிக்கும் வேகம். வேலை முடிந்து கம்ப்யூட்டரில் காப்பி எடுக்கும்போதுதான் உதவும். மணவறையில் நமக்கு வேண்டியது எழுதும் வேகம், அதிலும் எவ்வளவு நேரம் ஓடினாலும் கீழே இறங்காத வேகம். ஓரத்தில் சின்னதாக வி30, வி60, வி90 என்று போட்டிருக்கிறதே, அதைப் பார். நொடிக்கு 30, 60, 90 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்று அர்த்தம்.

கேமரா மெனுவில் இருப்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் மெகாபைட். உன் கேமராவில் 4கே, 50 ஃப்ரேம், எக்ஸ்ஏவிசி எஸ், 10 பிட் வைத்தால் 200 மெகாபிட், வகுத்தால் 25. வி30 போதும். அதையே ஆல்-இன்ட்ராவில் வைத்தால் 500 மெகாபிட், அதாவது 62.5. வி60 இரண்டரையில் கோட்டை விடும், வி90தான் கேட்கும், விலையும் எங்கோ போய்விடும். ஆல்-இன்ட்ராவில் எடிட்டிங் இலகு என்பது உண்மைதான். ஆனாலும் கல்யாண வீடியோவுக்கு அது வீண் செலவு என்பேன். ஹார்டு டிஸ்க் வாங்கியே லாபம் போய்விடும். பெண் வீட்டாரோ பாதி வீடியோவை வாட்ஸப்பில்தான் பார்ப்பார்கள்.

போட்டோவுக்குக் கதை வேறு. தாலி ஏறும் நேரத்தில் ரா ஃபைலில் விரலை எடுக்காமல் அமுக்குவாய். படங்கள் முதலில் கேமராவின் பஃபரில் தங்கி, பிறகு கார்டுக்கு இறங்கும். யுஎச்எஸ்-1 கார்டில் அந்த வழியே நொடிக்கு 104 மெகாபைட்தான். யுஎச்எஸ்-2 என்றால் 312. கார்டைத் திருப்பிப் பார், பொன் நிறப் பட்டைகள் இரண்டு வரிசையாக இருந்தால் அது யுஎச்எஸ்-2. ஒற்றை வரிசை கார்டில் 200 என்று போட்டிருந்தால் அதற்கென்று உள்ள ரீடரில்தான் அந்த வேகம் வரும், கேமராவில் வராது. பஃபர் நிரம்பினால் ஷட்டர் திக்கும். கெட்டிமேளம் உனக்காக நிற்காது.

முதல் ஸ்லாட்டில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ-வும் போடலாம். வேகம் அபாரம், விலையும் அப்படியே. இப்போதைக்கு விட்டுவிடு. டைப் பி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதே, அது அளவில் பெரியது, உள்ளேயே நுழையாது.

அந்தக் காசில் ஒரே மாதிரி இரண்டு யுஎச்எஸ்-2, வி60 கார்டு வாங்கி, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி மெனுவில் வை. ஒன்று செத்தாலும் கல்யாணம் இன்னொன்றில் இருக்கும். இரண்டில் மெதுவானதன் வேகத்துக்குத்தான் கேமரா ஓடும், எனவே இரண்டாவது கார்டில் மிச்சம் பிடிக்காதே. அளவு 256 ஜிபி. நான் சொன்ன 200 மெகாபிட்டில் 128 ஜிபி ஏறத்தாழ 85 நிமிடம். நாலரையிலிருந்து ஆறு வரை முகூர்த்தம் என்றால் அதற்கே பத்தாது.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதே. போலி கார்டில் உள்ளே 32 ஜிபிதான் இருக்கும், கேமராவோ 256 என்றே காட்டும். 32-ஐத் தாண்டி எழுதுவதெல்லாம் போனதுதான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும், எழுதும் வேகத்தையும் சொல்லும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய், பிறகு கேமராவிலேயே ஃபார்மேட் பண்ணு.

படங்கள் இரண்டு டிஸ்க்கில் இறங்கும்வரை கார்டில் கை வைக்காதே. தப்பித்தவறி அழித்துவிட்டால் உடனே கார்டை வெளியே எடுத்துவிடு, அதன்மேல் ஒரு படம்கூட எடுக்காதே. ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பல நேரம் திரும்பக் கிடைக்கும்.

அட்வான்ஸ் கைக்கு வந்ததும் ட்ரோன் பார்க்கப் போகாமல் முதலில் கார்டை வாங்கு, மாப்பிள்ளை. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா