மீனுக்குத் தீனி போட மிஷினா? முதலில் காற்று, அப்புறம் தீனி!



மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நல்ல பாக்டீரியாக்கள் நைட்ரேட் உரமாக மாற்றுகின்றன. கீரை அதை எடுத்துக்கொள்ள, தண்ணீர் திரும்பவும் தொட்டிக்கே வருகிறது. மழையை நம்பி ஊருணி வெட்டிய நம் கொத்தமங்கலம் பக்கத்துக்கு ஏற்ற முறை இது.

தீனி எவ்வளவு? அமெரிக்க வர்ஜின் தீவுகளில் இதை ஆராய்ந்த ஜேம்ஸ் ராக்கோசி, மிதவையில் வளரும் 1 சதுர மீட்டர் கீரைக்கு நாளுக்கு 60 முதல் 100 கிராம் தீவனம் என்று கணக்குச் சொன்னார். அதை இரண்டு மூன்று வேளையாகப் போட வேண்டும். நாம் வயலுக்கோ கூட்டத்துக்கோ போனாலும் டைமர் வைத்த மிஷின் வேளை தவறாது.

ஆனால் மிஷினுக்குக் கண் கிடையாது. ராத்திரி கரண்ட் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் தீனி மிஷின் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். தின்னாத தீனி அழுகி அம்மோனியா ஏறும். காற்று இல்லாமல் பாக்டீரியாவும் வேலை செய்யாது. மீன் செத்து மிதக்கும். கடன் தவணை மட்டும் நிற்காது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. கையில் உள்ள பணத்தில் முதலில் காற்று மோட்டாருக்கு பேட்டரி வாங்குவோம்.

2. தனி பேட்டரி இல்லாத தீனி மிஷினை, காற்று மோட்டார் இணைப்பிலேயே மாட்டுவோம். கரண்டும் பேட்டரியும் தீர்ந்தால் தீனியும் நிற்கட்டும்.

3. விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால், தீனியை நிறுத்திக் காற்றைக் கவனிப்போம்.

4. வாரம் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதிப்போம். பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கட்டும். அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் அன்று தீனி வேண்டாம்.

மிஷின் தீனி போடட்டும். தொட்டியைப் பார்க்க நாம் முறை வைத்துக்கொள்வோம்!