புதிய மின்பிறப்பாக்கியைப் பழக்கி எடுத்தல்

மீளக் குடியேறிய கிராமங்கள் சிலவற்றில் ஆறேழு குடும்பங்களுக்கு ஒன்றாக, அல்லது சங்கத்துக்கு ஒன்றாக, சிறிய பெற்றோல் மின்பிறப்பாக்கிகள் கிடைக்கின்றன. பெட்டியைத் திறந்த அன்றே கயிற்றை இழுத்து ஓடவிடுகிறோம். நாலைந்து மாதத்தில் அது புகை கக்கத் தொடங்கியதும் “சாமான் சரியில்லை” என்று மூலையில் ஒதுக்கிவிடுகிறோம். சாமான் பெரும்பாலும் சரியானதே. முதல் இருபது மணித்தியாலம் அதை நடத்திய விதந்தான் சரியில்லை.

நாம்பனை முதன்முதல் ஏரிற் பூட்டும் கமக்காரன் அன்றைக்கே முழு வயலையும் உழுதுவிட நினைப்பதில்லை. கட்டியே வைத்திருந்து பழக்கவும் முடியாது. புதிய எஞ்சினும் அப்படியே.

முதலில் ஒயில். புதிய இயந்திரத்தைப் பெரும்பாலும் ஒயில் இல்லாமலே பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். ஒயில் இன்றி ஓடவிட்டால் சில நிமிடங்களிலேயே பிஸ்ரன் இறுகிவிடும். இரண்டு மூன்று கிலோவாற்று இயந்திரத்துக்கு ஏறக்குறைய அரை லீற்றர் தொடக்கம் 600 மில்லிலீற்றர் வரை பிடிக்கும். சரியான அளவு கைந்நூலில் உண்டு. எமது வெக்கைக்கு எஸ்.ஏ.ஈ. 30 அல்லது 10டபிள்யூ-30 ஒயில் பொருந்தும். இயந்திரம் மட்டமான தரையில் நிற்கும்போதே அளவுகோலைப் பார்க்கவேண்டும். சரிவில் வைத்துப் பார்த்தால் கோல் பொய் சொல்லும். போர் ஸ்ரோக் என்று கராச்சில் சொல்லும் நாலடிப்பு எஞ்சினுக்குப் பெற்றோலுடன் ஒயில் கலக்கக் கூடாது. முதுகில் சுமக்கும் மருந்து விசிறியுடன் பழகியவர்கள் கைப்பழக்கத்தில் கலந்துவிடுவதுண்டு.

இனி, பழக்குவது ஏன் என்று பார்ப்போம். சிலிண்டரின் உட்சுவரில் நுண்ணிய கீறல்கள் உண்டு. பிஸ்ரனைச் சுற்றியுள்ள வளையங்கள் அக்கீறல்களோடு உராய்ந்து, சுவருக்கு இசைவாகத் தேய்ந்து பொருந்தவேண்டும். பொருந்தினால் அமுக்கம் கசியாது, ஒயில் மேலேறி எரியாது. வளையங்களைச் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அமுக்கமே. சுமை இல்லாமல் மணிக்கணக்காக ஓடவிட்டால் அந்த அமுக்கம் போதாது. வளையம் பொருந்துமுன் சுவர் கண்ணாடிபோல் மினுங்கிவிடும், பின்னர் பொருந்தாது. முழுச் சுமையையும் முதல் நாளே ஏற்றினால் சூடு கூடி உலோகம் உரசிக் காயப்படும். ஆகவே “புதுச் சாமான், ஒரு பல்ப் மட்டும் போடுவோம்” என்று பாதுகாப்பதும் பழுதே.

நாம் சிபாரிசு செய்யும் முறை இது. ஐந்து நிமிடம் சுமையின்றி ஓடிச் சூடேறட்டும். பின்னர் முதல் ஐந்து மணித்தியாலத்துக்குப் பாதிச் சுமைக்கு மேற்படாமல், கூட்டியும் குறைத்தும் கொடுக்கவேண்டும். இருபது மணித்தியாலம் ஆகும்வரை முக்காற் சுமையைத் தாண்டவேண்டாம். கைந்நூல் வேறாகக் கூறினால் கைந்நூலையே பின்பற்றுங்கள்.

பாதிச் சுமை என்றால் எவ்வளவு? தகட்டில் 2 கிலோவாற்று என்றிருந்தால் பாதி 1000 வாற்று. ஒன்பது வாற்று எல்.ஈ.டி. பல்ப் பத்தும் சேர்ந்தாலும் 90 வாற்றுத்தான். ஆகவே யாரிடமாவது 1000 வாற்று மின்னழுத்தி ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். அது சூடேறியதும் தானாக நிற்கும், ஆறியதும் மீண்டும் இழுக்கும். சுமை கூடிக் குறைவது தானாகவே நடக்கும். பள்ளிச் சீருடைகளும் மடிப்புக் குலையாமல் இருக்கும்.

இதே கணக்கு நீர்ப்பம்பிக்கும் தேவை. ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1000 வாற்று எடுக்கும். ஆனால் புறப்படும் கணத்தில் அதன் மூன்று மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும். 2 கிலோவாற்று இயந்திரம் அங்கே திணறும். தோட்டத்துக்கு இறைக்க மின்பிறப்பாக்கியை நம்புவது எமக்கு உடன்பாடில்லை. பெற்றோலை மின்னாக்கி, அம்மின்னால் மோட்டாரைச் சுற்றுவதில் இரு தடவை நட்டம். எஞ்சின் பூட்டிய பம்பியே இறைப்புக்கு ஏற்றது.

இருபது மணித்தியாலம் முடிந்ததும், அல்லது ஒரு மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது முதல் ஒயிலை மாற்றவேண்டும். எஞ்சின் சூடாயிருக்கையில் வடியவிடுங்கள். ஒயில் மெலிந்து கசடோடு இறங்கும். வெயிலிற் பிடித்துப் பார்த்தால் வெள்ளித்தூள் போல மினுங்கும். அது வளையமும் சுவரும் தேய்ந்த உலோகம். இத்தகைய சிறிய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் ஒயில் வடிகட்டி இல்லாதபடியால், வடியவிடுவதைத் தவிர அத்தூளை அகற்ற வழியில்லை. வடித்ததைப் போத்தலில் அடைத்துக் கராச்சுக்குக் கொடுங்கள். கறையானுக்கு வேலிக்கட்டையிற் பூசுவோம் என்பாரும் உளர். கிணற்றுப் பக்கம் வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் ஊறும் எண்ணெய் குடிநீருக்கே வந்து சேரும்.

அதன்பின் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றினாற் போதும். இரவுக்கு மூன்று மணித்தியாலம் ஓடினால் முப்பத்துமூன்று இரவில் அந்த நூறு வந்துவிடும். இதை ஞாபகத்தில் வைத்திருக்க முடியாது. ஒரு கொப்பியை இயந்திரத்தோடு கட்டிவிடுங்கள். நிறுத்துபவர் யாரோ அவரே எழுதவேண்டும். பல குடும்பம் பாவிக்கும் இயந்திரத்தில் ஒயிற் காசும் பெற்றோற் காசோடு சேர்த்தே அறவிடப்படல் வேண்டும். பழுதான பிறகு சேர்ப்பதென்றால் சண்டைதான் மிஞ்சும்.

காற்று வடிகட்டியை 50 மணித்தியாலத்துக்கொரு முறை பாருங்கள். வன்னிப் புழுதியில் கிழமைக்கொரு முறை. பஞ்சு வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்றாக உலர்த்தி, சில துளி ஒயில் விட்டுப் பிழிந்து பூட்டலாம். கடதாசி வடிகட்டியைக் கழுவக் கூடாது. பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு சொல். 1990களின் தடைக்காலத்தில் வடக்கில் பெற்றோல் எஞ்சின்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அப்போது வேறு வழி இருக்கவில்லை. ஆனால் பெற்றோலுக்கென்றே செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. மிகுதி வளையங்களுக்கூடாகக் கீழிறங்கி ஒயிலை நீர்க்கவைக்கும். அளவுகோலில் ஒயில் மட்டம் ஏறி, மண்ணெண்ணெய் மணந்தால் அதுவே அடையாளம். மலிவு என்ற நியாயமும் இப்போது பழையபடி இல்லை: 2022 ஓகஸ்ற்றில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

பின்வருவதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எஞ்சினின் புகையில் கார்பன் மொனொக்சைட் உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலையிடி, வாந்தி, பிறகு நித்திரை, அந்த நித்திரையிலேயே உயிர் போகும். கூடாரத்திலோ, தகரக் கொட்டிலிலோ, விறாந்தையிலோ இயந்திரத்தை ஓட்டவே கூடாது. கதவைத் திறந்துவைத்தாற் போதும் என்பது தவறு. வீட்டிலிருந்து இருபது அடிக்கு அப்பால், புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். மழைக்கு நாலு கப்பு நட்டு மேலே தகரம் போடலாம், பக்கங்களை அடைக்கவேண்டாம். களவுக்குப் பயந்து இரவில் உள்ளே எடுப்பதென்றால், முதலில் நிறுத்தி, ஆறவிட்டுப் பிறகு எடுங்கள்.

இருமுனையும் பிளக் பூட்டிய வயரால் வீட்டுச் சுவர்ச் செருகிக்கு மின் கொடுப்பதும் வேண்டாம். அம்மின் வீதிக் கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலைசெய்பவரைக் கொல்லும். மாற்றுச் சுவிச்சு ஒன்றை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பூட்டுவிக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதாயின், தாங்கியை வெறுமையாக்கி, காபரேற்றரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நின்ற பெற்றோல் பிசினாகி நுண்துளையை அடைக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று தரம் மெதுவாக இழுத்து, பிளக்கை மீளப் பூட்டுங்கள். பிறகு கயிறு கனக்கும் இடம் வரை இழுத்து அப்படியே விடுங்கள். அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். மாரி ஈரம் உள்ளே போகாது.