ஒல்லிதான் அழகா?

கேள்வி: எலும்பும் தோலுமாக இருக்கும் மாடல்களையே ஃபேஷன் உலகம் கொண்டாடுகிறதே, இதை யாரும் தட்டிக் கேட்பதில்லையா?

பதில்: கேட்டார்கள், உயிர் போன பிறகு. 2006 ஆகஸ்டில் உருகுவே மாடல் லூயிசெல் ராமோஸ், ஃபேஷன் ஷோ நடக்கும்போதே மயங்கி விழுந்து இறந்தார். அடுத்த மாதமே மாட்ரிட் ஃபேஷன் வாரம், உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் பிஎம்ஐ அளவு 18-க்குக் குறைந்தவர்களுக்குத் தடை போட்டது. அப்படியும் நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன், எடை கூடுமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கவைக்கும் அனோரெக்சியாவுக்கு 21 வயதில் பலியானார்.

மிக மெலிந்த மாடல்களைத் தடுக்க இஸ்ரேல் 2012-இல் சட்டம் இயற்றியது. பிரான்சில் 2017 முதல் மாடல்களுக்கு மருத்துவச் சான்று கட்டாயம். விளம்பரப் படத்தில் உடலை மெலிதாக்கினால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

சட்டம் நம் வீட்டுக்குள் வராது. வளரும் பெண்ணிடம் ‘குண்டாகிட்டியே’ என்று சொல்வதை இன்றே நிறுத்துங்கள்.