தாளிதமும் எண்ணெயும்: ஆகாரக் கணக்கில் எதைச் சேர்ப்பது?

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குக் கணக்கு என்பது புதிய விஷயமன்று. பங்குத்தொகை, கடன், வட்டி, தவணை ஆகிய யாவும் ஏட்டில் ஏறாமல் ஒரு சங்கமும் நடைபெறாது. நாம் உட்கொள்ளும் ஆகாரத்திற்கும் அவ்விதமே ஒரு கணக்கு உண்டு. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வொன்று 2023-ஆம் ஆண்டில் தெரிவித்தது. இந்நோய்க்காகவோ உடற்பருமனுக்காகவோ வைத்தியரிடம் செல்வோர் பலர், ஆகாரத்தின் கலோரியைக் கவனிக்கவேண்டும் என்ற புத்திமதியைப் பெற்றுத் திரும்புகின்றனர். சோற்றையும் இட்டிலியையும் அளந்துவிடலாம். கடுகும் சீரகமும் மல்லியும் மிளகாயும் அக்கணக்கில் சேருமா? தாளிக்க ஊற்றிய எண்ணெய் சேருமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

கலோரி என்பது யாது?

விறகு எரிந்து உஷ்ணம் தருவதுபோல, ஆகாரம் ஜீரணமாகித் தேகத்திற்கு உஷ்ணத்தையும் வேலை செய்யும் சக்தியையும் தருகின்றது. அச்சக்தியை அளக்கும் அளவைக்குக் கலோரி என்று பெயர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க இரசாயன அறிஞர் அட்வாட்டர் என்பவர் பல சோதனைகள் செய்து வகுத்த விதி இன்றும் கையாளப்படுகின்றது. அதன்படி 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், 1 கிராம் புரதம் 4 கலோரியும், 1 கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும். கொழுப்பு மற்றவற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சக்தி தருவதை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இப்பாடம் முழுவதற்கும் அதுவே ஆணிவேர்.

நம் நாட்டுத் தானியங்களையும் காய்கறிகளையும் மசாலைச் சரக்குகளையும் சோதித்து அட்டவணைப்படுத்திய பெருமை குன்னூருக்கு உரியது. 1918-ஆம் ஆண்டில் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மக்காரிசன் என்பவர் தொடங்கிய ஆராய்ச்சி, 1928-இல் போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. அவருக்குப் பின் தலைமை ஏற்ற ஆக்ராய்ட் என்பவர் இந்திய உணவுப் பொருட்களின் சத்து அளவுகளைத் தொகுத்து வெளியிட்டார். அந்நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது. இங்கே கூறப்படும் அளவுகள் அத்தகைய அட்டவணைகளைத் தழுவிய உத்தேச அளவுகளாம்.

மசாலைச் சரக்குகள்

அட்டவணையை மட்டும் பார்ப்பவர் திகைப்படையக்கூடும். 100 கிராம் கடுகு 500 கலோரிக்கு மேல் தருகின்றது. அரிசியோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரியே தரும். அப்படியாயின் கடுகு அரிசியைவிடக் கொழுக்கவைக்கும் பொருளா? அன்று. 100 கிராம் கடுகை ஒரு வேளையில் உண்பவர் எவருமில்லை. ஐந்து பேருக்கான குழம்பில் தாளிக்கும் கடுகு சுமார் 2 கிராம். அதன் சக்தி 10 அல்லது 11 கலோரி. ஒருவர் பங்குக்கு 2 கலோரி. அதே குழம்பில் 20 கிராம் மல்லி சேருமாயின் தலைக்கு 11 கலோரி வரும். எலுமிச்சையளவு புளி, 25 கிராம் என்று கொண்டாலும், தலைக்கு ஏறத்தாழ 14 கலோரியே. மிளகு, மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவை அதனினும் சொற்பம். ஆதலால் இவற்றைக் கணக்கில் ஏற்ற வேண்டியதில்லை. உப்புக்குக் கலோரியே இல்லை. எனினும் இரத்த அழுத்தத்தின் காரணமாக, நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கு மேற்படாதபடி அதை அளந்தே பயன்படுத்த வேண்டும்.

மசாலையோடு சேர்த்து அரைக்கப்படும் எல்லாமும் மசாலை ஆகிவிடா. தேங்காய் 100 கிராமுக்கு 400 கலோரிக்கு மேல் தருகின்றது. நிலக்கடலையும் எள்ளும் 500-க்கு மேல் தருகின்றன. இவை சட்டினியிலும் குருமாவிலும் பொடியிலும் கைநிறையச் சேர்வதால் கணக்கில் வரவேண்டியவையே. சர்க்கரையும் வெல்லமும் அவ்வாறே.

எண்ணெய்

எண்ணெய் அநேகமாக முழுவதும் கொழுப்பு. ஆகையால் 100 கிராம் எண்ணெய் 900 கலோரி தரும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றுள் கொழுப்பின் குணத்தில் வேற்றுமை உண்டு. இருதயத்திற்கு அவ்வேற்றுமை முக்கியமானது. ஆனால் கலோரிக் கணக்கில் எல்லாம் ஒன்றே. செக்கில் ஆட்டியதானாலும் ஆலையில் சுத்திகரித்ததானாலும் வேறுபாடில்லை. நெய்யும் ஏறத்தாழ அவ்வளவே.

5 மில்லி கொள்ளும் தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி; 15 மில்லி கொள்ளும் மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நம் வீடுகளில் எண்ணெய் ஊற்றும் கரண்டிகளோ வீட்டுக்கு வீடு வேறுபடும். 50 மில்லி கொள்ளும் குழிக்கரண்டியால் ஒரு முறை ஊற்றினால் 400 கலோரிக்கு மேல் பாத்திரத்தில் இறங்கிவிடும். அது 115 கிராம் அரிசிக்குச் சமம். அரிசியை ஆழாக்கில் அளந்து போடும் கைகள் எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றுவதே நம் கணக்கில் உள்ள பெரிய ஓட்டை.

ஓர் உதாரணம்

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு வீட்டு விருந்துக்கு 1 கிலோ சீரகச் சம்பா அரிசியில் பத்துப் பேருக்குப் பிரியாணி ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். எண்ணெயும் நெய்யுமாக 200 கிராம் சேருமாயின், தலைக்கு 20 கிராம். அதாவது 180 கலோரி. பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றும் 10 கிராம் என்று கொண்டால், தலைக்கு ஏறத்தாழ 3 கலோரி. மணமெல்லாம் பின்னதால் வருகின்றது. பாரமெல்லாம் முன்னதால் வருகின்றது. ஆகவே எண்ணெயைக் குறைக்க விரும்புவோர் மசாலையைக் குறைக்க வேண்டியதில்லை. மசாலை நன்கு அமைந்த பதார்த்தத்தில் எண்ணெய் சற்றுக் குறைந்தாலும் ருசி கெடாது.

பொரிக்கும்போது சட்டியில் ஊற்றிய எண்ணெய் முழுவதும் உண்ணப்படுவதில்லை. பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை நிறுத்து, குறைந்த அளவையே பலகாரத்தில் சேர்ந்ததாகக் கொள்ளவேண்டும். கத்தரிக்காய் போன்றவை எண்ணெயை மிகுதியாக உறிஞ்சும். ஆவியில் வெந்த இட்டிலியில் எண்ணெய் அநேகமாக இல்லை. ஆனால் அதற்குத் தொட்டுக்கொள்ளும் பொடியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் 240 கலோரி சேர்ந்துவிடும்.

யாருக்கு இக்கணக்கு அவசியம்?

அந்த 240 கலோரி எல்லோருக்கும் ஒன்றன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவின்படி, கடின உழைப்பாளியான ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 1,660 போதும். முன்னவருக்கு அது ஒரு நாள் தேவையில் பதினான்கில் ஒரு பங்கு; பின்னவருக்கு ஏழில் ஒரு பங்கு. ஒரே அடுப்பில், ஒரே பானையில் சமைத்ததை இருவரும் உண்கின்றனர். வரப்பு வெட்டுபவருக்குப் பலமாகும் எண்ணெய், கல்லாவில் அமர்ந்திருப்பவருக்குத் தொந்தியாகின்றது.

இதற்காக இரண்டு அடுப்பு மூட்டவேண்டுவதில்லை. பானையில் குறைந்த எண்ணெயில் பொதுவாகச் சமைத்து, தேவைப்படுவோருக்கு இலையில் நெய்யோ எண்ணெயோ தனியே பரிமாறுவதே உசிதம். மெலிந்த சிறு குழந்தையின் வயிறு சிறியது. அதிகச் சோறு கொள்ளாது. அத்தகைய குழந்தையின் பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்தால், சோற்றின் அளவைக் கூட்டாமலே 40 கலோரி கூடும். கணக்கு குறைப்பதற்கு மட்டுமன்று, கூட்டுவதற்கும் உதவும்.

எண்ணெயை அறவே நீக்குவதும் தவறு. தேகத்தினால் உண்டாக்கிக்கொள்ள முடியாத சில கொழுப்பு அமிலங்கள் எண்ணெயிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கின்றன. கீரையிலுள்ள உயிர்ச்சத்து ‘ஏ’ உடலில் சேர்வதற்கும் சிறிது கொழுப்பு வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி ஆகாரத்துக்கு எண்ணெயும் நெய்யுமாக 27 கிராம் வகுக்கப்பட்டுள்ளது.

மாதக் கணக்கு

வேளைதோறும் கரண்டி பிடித்து அளப்பது எல்லா வீட்டிற்கும் இயலாது. அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நியாயவிலைக் கடையில் வாங்கிய பாமாயில், வெளியே வாங்கிய எண்ணெய், நெய் எல்லாவற்றையும் மாதம் முழுவதும் ஒரு தாளில் குறித்துவருக. விளக்குக்கும் எண்ணெய் ஸ்நானத்துக்கும் தலைக்கும் செலவானதைக் கழித்துவிடுக. 1 லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் மாதம் 4 லிட்டர் செலவானால் 3,640 கிராம். அதை 30 நாளாலும் 5 பேராலும் வகுத்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 24 கிராம். இது மிதமான அளவே. அதே குடும்பம் 7 லிட்டர் செலவிட்டால் ஒருவருக்கு 42 கிராம் ஆகும். அக்குடும்பத்தில் கடின உழைப்பாளிகள் இல்லையெனில் அது மிகையே. கடையில் வாங்கும் வடை, பரோட்டா முதலியவற்றின் எண்ணெய் இத்தாளில் ஏறாது என்பதையும் மறத்தலாகாது.

நம் மாநிலத்தில் நியாயவிலைக் கடைகளுள் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. ஆதலால் எண்ணெய் அங்கத்தினர் வீட்டிற்குள் நுழையும் வாசலிலேயே சங்கம் நிற்கின்றது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் தத்தம் வீட்டு எண்ணெய்க் கணக்கைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று: வீட்டு எண்ணெய்க் கரண்டி எத்தனை தேக்கரண்டித் தண்ணீர் கொள்ளும் என்று இன்றே அளந்து, அந்த எண்ணை அடுப்படிச் சுவரில் எழுதிவைப்பதாம்.